ஒரே நாற்காலி, ஏழு பயனாளிகள்

நார்த் ஹார்பர் சேவா சர்க்கிளின் கூட்டம் மணி அடித்தால்தான் தொடங்கும். மணியைத் தலைவர்தான் அடிக்க வேண்டும். பித்தளை மணி, அதற்கென்றே செய்த தேக்குச் சுத்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைவர் வருவதற்கு முக்கால் மணி நேரம் தாமதமாயிற்று. இருபத்திரண்டு பேர் அந்த மணியைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். சர்க்கரை நோய்க்காரர் ஒருவர் மட்டும் பிஸ்கட் கிடைக்குமா என்று கேட்டார். கூட்டமே தொடங்காதபோது சிற்றுண்டி எப்படித் தொடங்கும் என்றார் செயலாளர் ரூபினா. அதில் நியாயம் இருந்ததால் கேட்டவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

கடைசி வரிசையில் இருந்த வேதமாணிக்கம் இதையெல்லாம் பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். சர்க்கிளில் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. கல்மண்டபத்தில் கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை அவருடையது. நாசரேத் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் வந்து, கடையில் நின்று, கடையை வாங்கி, ஐம்பத்திரண்டு வயதாகிவிட்டது. பேச்சு குறைவு. கேட்ட சாமானை எடுத்துக் கொடுத்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து மீன் வண்டிகள் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். மனைவி சுகிர்தம் சில நாள் மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு வார்த்தைக்காகக் கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டுப் போவாள்.

அவரைச் சேர்த்துவிட்டவர் டென்னிஸ். துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட், இந்த ஆண்டின் சர்க்கிள் தலைவர்.

"இன்னா மாமு, கடைக்குள்ளயே கெடந்து மக்கிப்போற? வா, சேவை செய். நாலு பெரிய மன்சங்க பழக்கம் ஆவும்" என்றார்.

பெரிய மனிதர்களின் பழக்கம் வேதமாணிக்கத்துக்கு வேண்டியிருக்கவில்லை. அவர் சேர்ந்தது கிருஷ்ணப்பனுக்காக.

கிருஷ்ணப்பன் பதினான்கு வருஷம் அவர் கடையில் வேலை பார்த்தவன். இரண்டு வருஷத்துக்கு முன் பரணிலிருந்து தார்ப்பாய்க் கட்டை இறக்கும்போது ஏணியோடு விழுந்தான். உயிர் பிழைத்தது. இடுப்புக்குக் கீழே அசைவு போய்விட்டது. விழுவதற்கு முந்தின வாரம், "ஏணி ஆடுது முதலாளி" என்று சொல்லியிருந்தான். ஒரு முறை சொன்னான். ஒரே ஒரு முறை. பார்த்துக்கலாம் என்று வேதமாணிக்கம் பதில் சொன்னார். ஆடிய படியை இறுக்கிக் கட்ட இரண்டு முழக் கயிறு போதும். கடை முழுக்கக் கயிறு இருந்தது.

ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் அவரே ஏற்றுக்கொண்டார். ஏணியைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. கிருஷ்ணப்பன் கேட்டவர்களிடமெல்லாம், "கால் ஸ்லிப் ஆய்டுச்சி" என்று சொல்லிவிட்டான். அவன் அப்படிச் சொன்னதற்கு நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று வேதமாணிக்கத்துக்குப் பிடிபடவில்லை. இரண்டையும் செய்யாமல் நாளைக் கடத்தினார்.

இந்த நிலையில்தான் கிருஷ்ணப்பனுக்கு ஒரு வேலை வருவதாகப் பேச்சு வந்தது. மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் ஃபேக்டரி. வாசலில் உட்கார்ந்து வண்டிகளுக்கு டோக்கன் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதத் தெரியும், கையில் பலம் இருக்கிறது. வீட்டிலிருந்து சக்கர நாற்காலியில் உருட்டிக்கொண்டு போனால் பத்து நிமிஷம். நாற்காலிதான் இல்லை.

"ஒரு நாற்காலிதானங்க? நாமளே வாங்கிக் கொடுத்திரலாம்லா?" என்றாள் சுகிர்தம்.

வேதமாணிக்கம் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவர் வாங்கிக் கொடுத்தால் அது ஏணிக்குப் பதிலாகிவிடும். எதற்கு வாங்கிக் கொடுக்கிறார் என்று தெரு யோசிக்கும், கிருஷ்ணப்பன் யோசிப்பான், முக்கியமாக அவரே யோசிக்க வேண்டியிருக்கும். சர்க்கிள் கொடுத்தால் அது சேவை. சேவைக்குக் காரணம் கேட்பவர் யாரும் இல்லை. இதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை.

"சங்கத்துல சொல்லியிருக்கேன்" என்றார்.

சர்க்கிள் அவருடைய கோரிக்கையை அன்போடு ஏற்றுக்கொண்டது. அதற்கு நிதி திரட்ட ஒரு நடைப்பயணத்துக்கு ஏற்பாடாயிற்று. "நடக்க முடியாதோருக்காக நடப்போம்" என்பது பெயர். காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை. ஐம்பது சக்கர நாற்காலிகள் வழங்கப்படும் என்று பதாகையில் போட்டார்கள். எல்லாருக்கும் மஞ்சள் பனியன், தொப்பி, தண்ணீர் பாட்டில். பேண்டு வாத்தியம் வந்தது. மேலிருந்து படம் பிடிக்க ட்ரோன் ஒன்றும் வந்தது. கொடியசைத்துத் தொடங்கிவைக்க கிருஷ்ணப்பனை பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கிவந்து சாலையோரம் வைத்தார்கள். அவன் கொடியை அசைத்தான். ட்ரோன் பறந்த முந்நூறு அடி தூரமும் சேவகர்கள் மிக வேகமாக நடந்தார்கள். ட்ரோன் இறங்கியதும் கார்கள் வந்தன. திருவொற்றியூரில் பொங்கலும் வடையும் தயாராக இருந்தன. கிருஷ்ணப்பனைத் திரும்பத் தூக்கிப்போக ஆள் வைக்க வேண்டும் என்பது யாருக்கும் நினைவில்லை. வேதமாணிக்கம் பாதி வடையோடு ஆட்டோ பிடித்து வந்து பார்த்தபோது, அவன் கொடியை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தான்.

"பரவால்ல முதலாளி. நல்ல காத்து" என்றான். காற்றே இல்லை.

செலவு போக மிச்சத்தில் ஒரு சக்கர நாற்காலி வந்தது.

"ஐம்பதுன்னு போட்டோமே?" என்று வேதமாணிக்கம் கேட்டார்.

"போட்டது லட்சியம் மாமு. வந்தது சாதனை. ரெண்டையும் போட்டு கொயப்பிக்காத" என்றார் டென்னிஸ்.

நாற்காலி வழங்கும் விழாவுக்கு வைத்த பதாகை நாற்காலியைவிட இருபது மடங்கு பெரியது. முதுகு சாயும் இடத்தில் சர்க்கிளின் சின்னம் ஒட்டியிருந்தது. இரண்டு கைப்பிடிகளிலும் நன்கொடையாளர் பெயர்கள். கால் வைக்கும் தகட்டில், "மண்டலாதிபதி பொன்ராஜ் அவர்களின் நல்லாசியுடன்" என்று இருந்தது. பொன்ராஜ் திருவொற்றியூரில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். பதினெட்டு சர்க்கிள்களுக்கு மேலான பதவி அவருடையது. அன்று அவர் வரவில்லை, அவருடைய பெயர் மட்டும் வந்திருந்தது.

கிருஷ்ணப்பன் நீலச் சட்டை போட்டிருந்தான். அவனைத் தூக்கி உட்காரவைத்ததும் ரூபினா குனிந்து பார்த்தார்.

"அண்ணா, மண்டலாதிபதி பேரு மேல கால் படுது. கொஞ்சம் நகத்தி வைங்களேன்."

"கால்தான் நவுராதேம்மா" என்றான் கிருஷ்ணப்பன்.

அது உண்மை என்பதால் ரூபினாவே காலைத் தூக்கி ஓரமாக வைத்தார். பதினோரு சேவகர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு புகைப்படத்துக்கு நின்றார்கள். படத்தில் கிருஷ்ணப்பனின் ஒரு முழங்கால் மட்டும் தெரிந்தது. அதுவும் நல்ல முழங்காலாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் வேதமாணிக்கம் கடை திறந்துகொண்டிருந்தபோது கிருஷ்ணப்பன் நாற்காலியில் உருட்டிக்கொண்டு போனான். மடியில் டிபன் பாக்ஸ். நிற்கவில்லை, ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டினான். அன்று மாலை வரை வேதமாணிக்கம் வழக்கத்தைவிட இரண்டு வார்த்தை அதிகமாகப் பேசியதாகச் சுகிர்தம் பின்னால் சொன்னாள்.

நான்கு நாள் அவன் வேலைக்குப் போனான். ஐந்தாம் நாள் டென்னிஸ் போன் செய்தார்.

"மாமு, சண்டே மண்டலாதிபதி விஜயம். நாற்காலிய எட்த்துகினு வந்துடு."

"எதுக்கு?"

"வழங்கணும்ல?"

"ஏற்கெனவே கொடுத்தாச்சே?"

"குட்த்தது நாம. அவரு இன்னும் குடுக்கலையே."

வேதமாணிக்கத்திடம் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி இருந்தது. பயனாளியின் வீடும் தெரியும். ஆகவே அவரை உபகரணச் சேவகராக நியமித்து, சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லையும் கொடுத்திருந்தார்கள். அந்த வில்லையோடு அவர் கிருஷ்ணப்பன் வீட்டு வாசலில் நின்றார். கிருஷ்ணப்பனின் மனைவி தாயம்மா காசிமேட்டில் மீன் ஆய்ந்து கொடுக்கிறவள். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ரெண்டே நாள்தான் தாயம்மா. திங்கக்கெழம காலையில கொண்டாந்துருவேன்."

"அதுக்கு இன்னா ணா. உங்க மூஞ்சிக்கு இல்லாததா? எட்த்துகினு போ" என்றாள்.

நாற்காலியின் இருக்கையில் இருந்த பிளாஸ்டிக் உறையைத் தாயம்மா கிழித்துப் போட்டிருந்தாள். அதைப் பார்த்து ரூபினாவுக்கு முகம் வாடிவிட்டது. ஏற்கெனவே உட்கார்ந்த நாற்காலியை மண்டலாதிபதி கையால் எப்படிக் கொடுக்கச் சொல்வது? வேதமாணிக்கம் கடைக்குப் போய்ப் புதிய பிளாஸ்டிக் தாள் வெட்டிவந்து, மடிப்பு விழாமல் சுற்றி ஒட்டினார். அந்த வேலை அவருக்கு நன்றாக வந்தது. எல்லாரும் பாராட்டினார்கள்.

கிருஷ்ணப்பனுக்கு வெள்ளைச் சட்டை கொடுத்திருந்தார்கள். பொன்ராஜ் நாற்காலியைக் கொடுத்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"இந்த மனிதரைப் பார்க்கும்போது எனக்கு இவர் தெரியவில்லை. நம் மண்டலம் தெரிகிறது. சேவகர்களே, நாம் சேவை செய்ய வேண்டுமென்றால் யாருக்காவது கஷ்டம் இருக்க வேண்டும். அந்த வகையில் இவர் நமக்குச் செய்திருக்கும் உதவியை மறக்கவே முடியாது."

கைதட்டல் எழுந்தது. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்து கிருஷ்ணப்பனும் தட்டினான்.

திங்கட்கிழமை நாற்காலி திரும்பவில்லை. விழா நடந்த மண்டபத்துப் பொருள் அறையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். சாவி வைத்திருந்தவர் ஒரு கல்யாணத்துக்காகத் திருச்செந்தூர் போயிருந்தார். புதன்கிழமை மத்தியானம்தான் வேதமாணிக்கத்தால் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க முடிந்தது. தாயம்மா பிளாஸ்டிக்கைக் கிழிக்கக் கை வைத்தாள். பிறகு ஏதோ நினைத்து, விட்டுவிட்டாள்.

அடுத்த வாரம் ரூபினா சர்க்கிள் கூட்டத்தில் ஒரு செய்தி சொன்னார். தலைமையகம் ஒரு இணையதளம் வைத்திருக்கிறது. ஒவ்வொரு சேவையையும் படத்தோடு அதில் ஏற்ற வேண்டும். எத்தனை தலைப்பில் சேவை செய்கிறோமோ அத்தனை புள்ளி. நம் சர்க்கிள் 'நடமாட்டம்' என்ற தலைப்பில் மட்டும்தான் ஏற்றியிருக்கிறது. பார்வை, பசுமை, பசி, மகளிர் முன்னேற்றம் எல்லாம் காலியாக இருக்கின்றன.

"நாற்காலி கீதுல்ல?" என்றார் டென்னிஸ்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பார்வைக்காகக் கிருஷ்ணப்பன் கோடு போட்ட சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு நாற்காலி வாங்கினான். அவனுக்குக் கண் நன்றாகத் தெரியும் என்று வேதமாணிக்கம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினால் இன்னும் நன்றாகத் தெரியும், அதுதான் பார்வைச் சேவை என்று விளக்கம் வந்தது. பசுமைக்காகப் பச்சைச் சட்டை, மடியில் வேப்பங்கன்று.

பசுமை முடிந்து நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று திங்கட்கிழமை காலை பத்து மணி. கிருஷ்ணப்பன் வீட்டில் பாயில் சாய்ந்திருந்தான்.

"வேலைக்குப் போகலையா?"

கிருஷ்ணப்பன் சிரித்தான். பதில் தாயம்மாவிடமிருந்து வந்தது.

"எந்த வேல ணா? அது போயி ஒரு வாரம் ஆவுது. நாலு நாள் வர்றான், ஆறு நாள் வர்லன்னு கணக்கு சொன்னான் மேனேஜரு. டெய்லி வர்ற ஆளா பாத்து வெச்சிக்கினான். அவன சொல்லி குத்தம் இல்ல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார் வேதமாணிக்கம். அந்த வாக்கியம் வாயை விட்டுப் போன பிறகுதான் அது எவ்வளவு வசதியான வாக்கியம் என்று அவருக்குத் தெரிந்தது.

தாயம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லி? இத்த நீங்கதான வந்து எட்த்துகினு போனீங்க."

வேதமாணிக்கம் வண்டியை எடுத்துக்கொண்டு நேராக டென்னிஸின் அலுவலகத்துக்குப் போனார். வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்தார். இனி முடியாது, நாற்காலி அவனுடையது, வில்லையை வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் ஏசி குளிராக இருந்தது.

"டென்னிஸ், அவனுக்கு வேல போயிருச்சி."

"அடப்பாவமே. யாருக்கு?"

"கிருஷ்ணப்பனுக்கு. நாற்காலிய நாம எடுத்து எடுத்து..."

டென்னிஸ் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். கண்ணில் உண்மையாகவே ஈரம் இருந்தது.

"மாமு, துட்டு கீறவன் எவன் வேணா நாலு பேருக்கு நாலு நாற்காலி குட்த்துட்டு போய்டுவான். ஒரே ஆளுக்கு நாலு தபா குடுக்குறதுக்கு மன்சு வோணும். அந்த மன்சு நம்ம கைல கீது. நீயே நடுவுல உட்டுட்டு போனா அந்த ஏழ இன்னா ஆவான், சொல்லு?"

வேதமாணிக்கம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஏசி குளிரில் உறைந்தமாதிரி இருந்தன. வேலைதான் போய்விட்டதே, இனி நாற்காலி எங்கே இருந்தால் என்ன என்று ஒரு குரல் உள்ளே கேட்டது. அந்தக் குரலை அவருக்குத் தெரியும். பார்த்துக்கலாம் என்று ஏணியைப் பற்றிச் சொன்னதும் அதே குரல்தான்.

பசிக்காக மஞ்சள் சட்டை. மடியில் பிரியாணிப் பொட்டலம். படம் எடுத்ததும் பொட்டலத்தை அடுத்த படத்துக்கு வேண்டும் என்று வாங்கிக்கொண்டார்கள். மகளிர் முன்னேற்றத்துக்காகச் சாம்பல் சட்டை. நாற்காலியைத் தள்ளும் இடத்தில் தாயம்மாவை நிற்கவைத்தார்கள். முன்னேறுவது போலத் தள்ள வேண்டும் என்றார் ரூபினா. தாயம்மா தள்ளினாள். மூன்றாவது முறைதான் படம் சரியாக வந்தது.

ஒவ்வொரு முறையும் போய் எடுத்துவந்தவர் வேதமாணிக்கம். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிளாஸ்டிக் சுற்றினார். கிருஷ்ணப்பன் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. வண்டிச் சத்தம் கேட்டதும், "இன்னிக்கு இன்னா கலரு முதலாளி?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டான். அவன் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று வேதமாணிக்கம் நினைத்தார். அதையும் அவனிடமே எதிர்பார்ப்பது இன்னொரு அநியாயம் என்று அடுத்த நிமிஷமே தோன்றியது. வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. ஒருநாள் சுகிர்தம் அவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது வில்லையைக் கழற்றிச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

ஆண்டு மாநாட்டில் நார்த் ஹார்பர் சர்க்கிளுக்கு முதல் பரிசு கிடைத்தது. சிறந்த உபகரணச் சேவகர் என்ற விருது வேதமாணிக்கத்துக்கு. மேடையில் நாற்காலி ஏழாவது முறையாக வழங்கப்படும், பிறகு விருது பெற்றவர் மூன்று நிமிஷம் பேசலாம் என்று சொன்னார்கள்.

மூன்று நிமிஷம் போதும் என்று வேதமாணிக்கம் முடிவு செய்தார். ஐந்து வரிதான். இவன் பெயர் கிருஷ்ணப்பன். ஏழு பேர் இல்லை, இவன் ஒருவன்தான். இவன் வேலை எங்களால் போயிற்று. இவன் கால் என்னால் போயிற்று. ஏணி ஆடுகிறது என்று என்னிடம் சொன்னான். காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடி முன் இதைச் சொல்லிப் பார்த்தார். குரல் நடுங்கியது, ஆனாலும் வந்தது.

திருவொற்றியூர் மண்டபம் நிறைந்திருந்தது. கிருஷ்ணப்பன் சிவப்புச் சட்டையில் மேடையின் நடுவே கைகூப்பி உட்கார்ந்திருந்தான். பின்னால் திரையில் அவனுடைய ஆறு படங்கள் ஓடின.

பொன்ராஜ் பேசினார். "ஏழு பயனாளிகள்! நன்றாகப் பாருங்கள், சேவகர்களே. ஏழு பேரும் ஒரே மாதிரி புன்னகைக்கிறார்கள். ஒரே முகம், ஒரே மகிழ்ச்சி! சேவை என்பது மனிதர்களுக்குள் இருக்கிற வேறுபாட்டையே இல்லாமல் செய்துவிடுகிறது. இதற்கு மேல் சமத்துவம் வேறு என்ன வேண்டும்?"

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

வேதமாணிக்கம் மைக் முன்னால் வந்தார். வாயைத் திறக்கும் முன் ரூபினா ஒரு அட்டையை நீட்டினார். மேடையில் இருப்பவர்களின் பெயர்கள், பதவி வரிசைப்படி. பேசுகிற எவரும் முதலில் அதைப் படித்தாக வேண்டும் என்பது சர்க்கிளின் விதி.

"மாண்புமிகு மண்டலாதிபதி சேவகர் பொன்ராஜ் அவர்களே, மண்டலாதிபதியின் துணைவியார் அவர்களே, முதல் துணை மண்டலாதிபதி அவர்களே, இரண்டாம் துணை மண்டலாதிபதி அவர்களே, முன்னாள் மண்டலாதிபதிகளே..."

ரூபினா பக்கத்தில் வந்து கிசுகிசுத்தார். "உடனடி முன்னாள் மண்டலாதிபதிய விட்டுட்டீங்க. அவரு மூஞ்சப் பாருங்க."

பார்த்தார். மேடையின் வலது ஓரத்தில் ஒருவர் எழுந்திருக்கத் தயாராக இருந்தார். சென்ற ஆண்டு வரை மண்டலாதிபதியாக இருந்த மனிதர் அவர்.

"முதல்லருந்து படிங்க" என்றார் ரூபினா.

வேதமாணிக்கம் முதலிலிருந்து படித்தார். மண்டலாதிபதி, துணைவியார், உடனடி முன்னாள், அவருடைய துணைவியார், முதல் துணை, இரண்டாம் துணை, ஆலோசகர்கள், வட்டாரத் தலைவர்கள். அட்டையின் பின்பக்கமும் இருந்தது. ஓரக்கண்ணில் சிவப்புச் சட்டை தெரிந்தது. கிருஷ்ணப்பன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசிப் பெயரைப் படித்துவிட்டு, அட்டையை மடக்கி, மூச்சை இழுத்து, "இவன் பேரு கிருஷ்ணப்பன்" என்றார்.

மணி அடித்தது. மூன்று நிமிஷம் முடிந்திருந்தது.

"அருமையான, சுருக்கமான உரை" என்று பொன்ராஜ் பாராட்டினார். கைதட்டலுக்கு நடுவே வேதமாணிக்கம் படியிறங்கினார். அவருக்கு வந்தது ஏமாற்றம் இல்லை. நெஞ்சுக்குள் ஏதோ இறங்கி, இலேசாகி, மூச்சு சுலபமாக வந்தது. தப்பித்தோம் என்றிருந்தது. அப்படி இருந்ததைத்தான் பிறகு அவரால் தாங்க முடியவில்லை.

விழா முடிவில் இன்னொரு அறிவிப்பு வந்தது. வரலாறு படைத்த அந்த நாற்காலியை மண்டலத்தின் நினைவுச் சின்னமாக மண்டப முகப்பில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதாகப் பொன்ராஜ் சொன்னார். கிருஷ்ணப்பனுக்குச் சால்வையும் சான்றிதழும் தந்தார்கள். அவனை இரண்டு பேர் தூக்கிக் குட்டி யானையின் பின்னால், தார்ப்பாய்க் கட்டுகளின்மேல் உட்காரவைத்தார்கள். கல்மண்டபம் வரை வேதமாணிக்கம் மெதுவாக ஓட்டினார். வண்டியின் பக்கக் கண்ணாடியில் சால்வை காற்றில் பறப்பது தெரிந்தது.

மறுநாள் காலை அவர் கடை திறக்கவில்லை. வண்ணாரப்பேட்டையில் ஒரு கடைக்குப் போய்ச் சக்கர நாற்காலி ஒன்று வாங்கினார். கடைக்காரர் எடுத்து வைத்து, பில் போட்டு, வண்டியில் ஏற்ற மொத்தம் கால் மணி நேரம் ஆயிற்று. கடிகாரத்தை இரண்டு முறை பார்த்துக்கொண்டார். கால் மணி நேரம்தான்.

கிருஷ்ணப்பன் வீட்டு வாசலில் இறக்கியபோது, தாயம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு அவசரமாக உள்ளே போனாள்.

"யோவ், எயுந்து உக்காரு. இன்னொரு விழா போலக்குது."

வேதமாணிக்கம் நாற்காலியை உள்ளே தள்ளிவந்தபோது அவள் அவனுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஏழு சட்டைகளும் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

"எந்த கலரு முதலாளி?" என்றான் கிருஷ்ணப்பன்.

"விழா இல்ல கிருஷ்ணப்பா."

"போட்டோ புடிக்கிறவரு பின்னால வராரா?"

"யாரும் வரல. இது உனக்குத்தான். நான் வாங்கினது."

கிருஷ்ணப்பனுக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் பழக்கம் விடவில்லை. அவரும் தாயம்மாவும் சேர்ந்து தூக்கி உட்காரவைத்ததும் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பி, கைகளைக் கூப்பிக்கொண்டான்.

"எப்ப வந்து எட்த்துகினு போவீங்க? மின்னாடியே சொல்ட்டா நல்லா இருக்கும். ஆத்திர அவசரத்துக்குப் போவ சொல்ல பேஜாரா பூடுது" என்றான்.

"எடுக்க மாட்டேன்."

"சரி முதலாளி" என்றான், நம்பாமல்.

கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. வேதமாணிக்கம் குனிந்து அதைக் கிழிக்கத் தொடங்கினார்.

"வுடுங்க ணா, இருக்கட்டும்" என்று பதறினாள் தாயம்மா. "அப்பால திரும்பி சுத்தறதுக்கு உங்களுக்குத்தான் கஸ்டம்."

அவர் நிறுத்தவில்லை. கைப்பிடி, முதுகு, அவன் உட்கார்ந்திருந்த இடத்தின் ஓரம் என்று எல்லாவற்றையும் நகத்தால் கீறி உரித்தார். உரித்து முடிந்ததும் அவன் காலடியிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கால் வைக்கும் தகட்டில் யார் பெயரும் இல்லை. அந்தத் தகட்டைப் பார்த்தபடி சொன்னார்:

"ஏணி ஆடுதுன்னு நீ சொன்ன. நான்தான் கட்டல."

மறுபடி தலை சீவத் தொடங்கியிருந்த தாயம்மாவின் சீப்பு நின்றது. வெளியே மீன் வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று.

"ஒரு தடவை சொன்ன. எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார் வேதமாணிக்கம்.

கிருஷ்ணப்பன் கூப்பியிருந்த கைகளைப் பிரித்தான். ஒன்றை வலது சக்கரத்தின் மேலும் மற்றொன்றை இடது சக்கரத்தின் மேலும் வைத்தான்.

"மூணு தபா சொன்னேன் முதலாளி" என்றான்.

சொல்லிவிட்டுச் சக்கரத்தை உருட்டி, அவரைச் சுற்றிக்கொண்டு வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினான். வேதமாணிக்கம் தரையிலேயே இருந்தார். கை நிறையப் பிளாஸ்டிக் தாள் இருந்தது. அதை எங்கே போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.